முப்பத்திரண்டு சதவீத நடுக்கம்

ஜூன் 3, திங்கள்

குண்டு, நீ போய் எட்டு மாதம் ஆகப் போகிறது.

ஆபீசில் நீ டிரைவர் சவரிமுத்து. எனக்கு மட்டும்தான் குண்டு. பெண் பார்க்க வந்த அன்று உன் அம்மா, "எம்புள்ள கொஞ்சம் குண்டு, பார்த்துக்கங்க" என்றார்கள். எட்டிப் பார்த்தால் நாற்பத்தெட்டு கிலோவில் ஒரு ஆள் சட்டைக்குள் நின்றிருந்தது. அன்றைக்கு வைத்த பெயர்.

இதை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. வக்கீல் நூர்ஜகான் மேடம் எழுதச் சொன்னார். தினமும் கை எப்படி, கால் எப்படி, எத்தனை மணிக்கு நடுங்கியது என்று தேதி போட்டு எழுத வேண்டுமாம். கேசுக்கு ஆதாரம். "கதையெல்லாம் வேணாம் அமலாம்மா, உடம்பு மட்டும் எழுதுங்க" என்றார். எட்டாவது படித்தவளுக்குச் சும்மா எழுத வரவில்லை. கடிதம் என்றால் வரும். அதனால் உனக்கு எழுதுகிறேன். கோர்ட்டில் கொடுக்கும்போது உன் பெயர் வரும் இடத்தில் எல்லாம் பேப்பர் ஒட்டிவிடலாம்.

மே மாதம் அதிகாரி அறையில் மீட்டிங். தட்டில் ஏழு கிளாஸ் தண்ணீர் கொண்டு போனேன். ஐந்து போய்ச் சேர்ந்தது. இரண்டு, மேஜையில் இருந்த பைல் மேல் போனது. அது தண்ணீர் சிக்கனம் பற்றிய பைல். மறுவாரம் மெமோ வந்தது. நான் உடல் அளவில் பணிக்குத் தகுதியற்றவள் என்று தெரிய வருவதால், ஏன் பணியிலிருந்து விடுவிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வருடம் அந்த ஆபீசில் உதவியாளர் வேலை. இன்னும் பதினொன்று பாக்கி. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இருந்துகொண்டு, விடிந்தால் நான் எங்கே போவேன்?

மேடம் சொன்னார்: "வேலையில இருக்கும்போது வந்த குறைன்னா வெளிய அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. உட்கார்ந்து செய்யிற வேலை கொடுக்கணும். ஆனா உங்க நோய் அந்தச் சட்டத்துக்குள்ள வருதுன்னு நாமதான் காட்டணும்."

"கைதான் அதுவா காட்டுதே மேடம்."

"கை காட்டினா பத்தாது. பேப்பர் காட்டணும்."

பிறகு, "இவ்வளவு நாள் ஆபீசுல எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். சமாளித்தேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஜூன் 4, செவ்வாய்

பல் விளக்கினேன். பிரஷ்ஷைப் பிடித்தால் போதும், அதுவே விளக்குகிறது. இந்த நோயில் இந்த ஒரு வசதி.

ஜூன் 7, வெள்ளி

சூப்பிரண்டு தாமோதரன் சாரைப் பார்க்கப் போனேன். பெரிய ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டினேன். பார்க்கின்சன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. வாங்கிப் பார்த்துவிட்டு, சீட்டில் தேதிக்கு மேல் சீல் சாய்ந்திருக்கிறது என்றார்.

"ஏம்மா, மெடிக்கல் போர்டு போய் நாப்பது சதவீதம்னு சான்றிதழ் கொண்டாங்க. இல்லைன்னா நீங்க நல்லா இருக்கிற ஆளு."

"நல்லா இருக்கிற ஆளுன்னா வேலையில வச்சுக்கங்க சார்."

"அதெப்படி? வேலைக்குத்தான் நீங்க லாயக்கில்லையே."

"அப்ப நோயாளிதானே சார்?"

"நோயாளிதான். மாற்றுத்திறனாளி இல்ல. ரெண்டும் வேற வேற பைல்."

பக்கத்து சீட்டில் கிளார்க் கோகிலா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சிரித்ததற்கு எதுவும் செய்ய முடியாது என்பதால் சார் மின்விசிறியைக் குறைத்தார்.

உடம்பு பற்றி எழுத மறந்துவிட்டேன். இடது கை காலை முழுவதும் நடுக்கம். வலது கை மதியத்துக்கு மேல்.

ஜூன் 13, வியாழன்

ஜாக்கெட் கொக்கி மாட்ட எதிர்வீட்டு லூர்து அக்கா வருகிறார். ஐந்து கொக்கிக்கு ஐந்து வீட்டுக் கதை சொல்கிறார். நீ மாட்டும்போது பேசவே மாட்டாய்.

ஜூன் 19, புதன்

இன்று போர்டு. தப்பு செய்துவிட்டேன் குண்டு. ஆனால் எதைத் தப்பு என்று சொல்வது?

பெரிய டாக்டர்கள் முன்னால் ஆடிக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்று மாத்திரையை நேரம் பார்த்துப் போட்டுக்கொண்டு போனேன். போட்டால் இரண்டு மணி நேரம் கை என் கை. அப்புறம் அது யாருடையதோ. தலை சீவி, மாம்பழ நிறச் சேலை கட்டி, பவுடரும் போட்டுக்கொண்டேன். வாசலில் நாற்பது பேர். ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். பத்தொன்பது வருடம் வாசலில் நின்ற பழக்கம், சும்மா இருக்க முடியவில்லை. "சக்கர நாற்காலி எல்லாம் அங்கிட்டு, நடக்கிறவங்க இங்கிட்டு" என்று வரிசை கட்டிவிட்டேன். நர்ஸ் என்னை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்து, "டீ பிளாஸ்க்கை உள்ள வச்சிருங்கக்கா" என்றாள்.

உள்ளே மூன்று டாக்டர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் என் கை தானாக வேலை செய்யும். மூன்று கிளாசிலும் டீ ஊற்றி, மூத்தவருக்கு முதலில் என்று கொடுத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அப்புறம் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

"நீங்கதானா அது? எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லாருக்கேன் சார். நீங்க நல்லாருக்கீங்களா?"

வேறு என்ன சொல்வது? ஒருத்தர் முகம் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லாயில்லை என்றா சொல்வார்கள்?

முப்பத்திரண்டு சதவீதம் போட்டார்கள். எட்டாவது வகுப்பில் கணக்குக்கு வாங்கிய அதே மார்க்.

ஜூன் 20, வியாழன்

மேடம் சத்தம் போட்டார். "டீ குடுத்தீங்களா? யாருக்கு? போர்டுக்கா?" என்று மூன்று தடவை கேட்டார். கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு, "சர்க்கரை போட்டீங்களான்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றார்.

போட்டேன். சொல்லவில்லை.

மறுபரிசீலனைக்கு மனு எழுதிவிட்டார். அடுத்த தடவை மாத்திரை போடாமல் போக வேண்டும். சேலை பழையது. டீ கிடையாது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். "என்ன சொல்வீங்க, சொல்லிக் காட்டுங்க" என்றார். நல்லாயில்லை என்று சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை. நீ போன அன்றைக்குக் கூட துக்கத்துக்கு வந்தவர்களிடம் "வாங்க, சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

மிளகாய்ப்பொடி டப்பா திறக்கவில்லை. பல்லால் திறந்தேன். பிறகு ஒரு மணி நேரம் முகம் கழுவினேன்.

ஜூலை 24, புதன்

இரண்டாம் போர்டு. நேற்று மதியத்திலிருந்து மாத்திரை இல்லை. லூர்து அக்கா ஒரு பக்கமும் மேடத்தின் ஜூனியர் பெண் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். டாக்டர் அறை நிலைப்படியில் கால் நின்றுவிட்டது. தரையில் ஒட்டிய மாதிரி. மனசு உள்ளே போய் வணக்கம் வைத்துவிட்டது, கால் வரவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். போன தடவை நான் வரிசையில் நிறுத்திவைத்த ஆள் ஒருவர், "அன்னைக்கு எங்களை அந்த விரட்டு விரட்டுச்சு, இன்னைக்கு நடிக்குது பாரு" என்றார். ரொம்ப வெட்கமாக இருந்தது.

டாக்டர்களில் ஒருவருக்கும் அதே சந்தேகம். "போன மாசம் நீங்கதான டீ ஊத்தினது?" என்றார். நல்லவேளை, மதுரையிலிருந்து நரம்பு டாக்டர் வந்திருந்தார். "மாத்திரை வேலை செய்யிற நேரம் பார்த்திருக்கீங்க சார், இப்ப இறங்கின நேரம். ரெண்டும் இவங்கதான்" என்றார். எப்போதிருந்து என்று கேட்டார். நாலு வருடம் என்றேன். பேனா கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னார். அமலோற்பவம் என்று எழுதி முடிப்பதற்குள் ஒரு ஆளைப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. கடைசி எழுத்து வருவதற்குள் எறும்பும் செத்துவிட்டது.

நாற்பத்தைந்து. பாஸ்.

வெளியே வந்து மாத்திரை போட்டுக்கொண்டு அழுதேன். பாசானதற்கு அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஜூலை 31, புதன்

தாமோதரன் சார் சான்றிதழைப் பார்த்தார். சந்தோஷம் என்றார். பிறகு விரலை வைத்துத் தேதியைக் காட்டினார்.

"இருபத்தி நாலு ஜூலை. அன்னையில இருந்துதான் நீங்க மாற்றுத்திறனாளி. மெமோ கொடுத்தது மே மாசம். அன்னைக்கு நீங்க நல்லா இருந்தீங்க. நல்லா இருந்தும் தண்ணியக் கொட்டியிருக்கீங்க."

"நாலு வருசமா இருக்கு சார்."

"ரெக்கார்டு இருக்கா?"

ஆகஸ்ட் 13, செவ்வாய்

விசாரணை என்று கூப்பிட்டார்கள். மேடமும் வந்தார். தாமோதரன் சார் மேஜை மேல் நான்கு நோட்டுகளை வைத்தார். வெளி ஆபீசுகளுக்குத் தபால் கொண்டு போகும் பட்டுவாடா நோட்டு. தபால் எடுத்துப் போகிறவர் கையெழுத்து, கிளம்பிய நேரம், வாங்கியவர்கள் சீல், வாங்கிய நேரம் எல்லாம் இருக்கும்.

"பாருங்க மேடம். நாலு வருசமா நோயாம். இந்தக் கையெழுத்தப் பாருங்க. ம. அமலோற்பவம். முத்து முத்தா இருக்கு. என் கையெழுத்தே இப்படி இருக்காது. தினம் போயிருக்காங்க, தினம் வந்திருக்காங்க. போன அக்டோபர்ல புருசன் இறந்ததும் திடீர்னு நடுங்குதாம். இது நோயா, துக்கமா? துக்கத்துக்குச் சட்டத்துல இடம் இல்லையே."

மேடம் நோட்டைப் புரட்டினார். என்னைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்தா?"

தலை சுற்றுகிறது என்றேன். ஒத்திவைத்தார்கள்.

ஆகஸ்ட் 14, புதன்

மாவு அரைத்தேன். உப்பு போட்டேனா என்று ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

கோகிலா வீட்டுக்கு வந்தாள். அரை டஜன் வாழைப்பழம் வாங்கி வந்தாள். நோயாளி வீடு என்று அவளும் முடிவு செய்துவிட்டாள்.

"அமலாக்கா, அது சவரிமுத்து அண்ணன் போட்ட கையெழுத்துன்னு ஆபீசுல எல்லாருக்கும் தெரியும். தாமோதரன் சாருக்கும்."

வாழைப்பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"ஆபீஸ் ஜீப் ரிப்பேராகி ஷெட்டுக்குப் போய் நாலு வருசம். டிரைவர் சும்மாதான இருக்காருன்னு நாங்களே பேசிக்குவோம். எங்க சும்மா இருந்தாரு? தண்ணி கேன் தூக்கினது அவரு. பைல் கட்டு மாடி ஏத்துனது அவரு. தபாலுக்கு சைக்கிள் மிதிச்சது அவரு. நீங்க ஸ்டூல்ல உட்கார்ந்து பெல்லுக்கு எந்திரிப்பீங்க, அவ்வளவுதான்."

"அப்ப நீ வந்து சொல்லேன்."

"நானா? அக்கா, எனக்கு ரெண்டு பிள்ளை. சொன்னேன்னா மறுநாள் கொடைக்கானல் மலைக்குத் தூக்கிருவாங்க."

"குளுகுளுன்னு இருக்கும்ல."

"போங்கக்கா" என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். அவள் போன பிறகு நான் மட்டும் கொஞ்ச நேரம் சிரித்தேன்.

எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். யாரும் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டாம். முதன்முதலில் என் கை ஆடியபோது, "யார்கிட்டயும் சொல்லாத. அனுப்பிருவாங்க. நான் பார்த்துக்கிறேன்" என்றாய். பத்து ராத்திரி பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் என் பெயரை எழுதி எழுதிப் பழகினாய். என்னை விட அழகாக எழுதினாய். "இவ்ளோ நீளப் பேரை யாருடி வச்சது" என்று என் அப்பாவைத் திட்டினாய். நாம் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது. நீ மறைத்த லட்சணம், இப்போது எனக்கு நோயே இருந்ததில்லை என்று அரசாங்கம் நம்புகிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. என் வேலை நிற்க வேண்டும் என்றால் உன்னைக் கள்ளக் கையெழுத்துக்காரன் என்று நானே சொல்ல வேண்டும்.

"அவர் மேல ஏதாவது பண்ணுவாங்களா மேடம்?"

"இறந்தவருக்கு மெமோ கொடுக்க இன்னும் சட்டம் வரல."

"கேவலமாப் பேசுவாங்களே."

"பேசுவாங்க. நீங்க சொல்றதுக்கு ஏதாவது பேப்பர் இருக்கா? அந்த நாலு வருசத்துல நிஜமா நீங்களே போட்ட கையெழுத்து?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேங்க். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பி, கடைசியில் கைநாட்டுக்கு மாற்றினார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால். எட்டாவது படித்துவிட்டுக் கைநாட்டு வைக்கிறேனே என்று அன்று ஒரு வேளை சாப்பிடவில்லை. மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பேங்க்ல கைநாட்டு வைக்கிற பொம்பளை ஆபீசுல முத்து முத்தாக் கையெழுத்துப் போடுதா! இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

நீங்கள் உடம்பை மட்டும்தானே எழுதச் சொன்னீர்கள் என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

சென்னை. மாற்றுத்திறனாளிகள் ஆணையர் முன்னால் விசாரணை. அந்த ஆபீஸ் வாசலில் சாய்வுப் பாதை இருக்கிறது. அதன் குறுக்கே ஒரு பைக்.

தாமோதரன் சார் நோட்டுகளோடு வந்திருந்தார். மேடம் பேங்க் கடிதத்தைக் கொடுத்தார். அதிகாரி கண்ணாடி போட்ட அம்மா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது யார் போட்டது?"

மாத்திரை நேரம் முடிந்துகொண்டிருந்தது. கால் ஆடியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் வீட்டுக்காரர் போட்டது மேடம். என் வேலை பூரா அவர்தான் பார்த்தாரு."

தாமோதரன் சார் குதித்தார். "பார்த்தீங்களா மேடம்! அரசாங்கப் பதிவேட்டுல போர்ஜரி! ஒத்துக்கிறாங்க!"

"உட்காருங்க சார். நாலு வருசம் டிரைவர் தபால் கொண்டு போயிருக்கார். சூப்பிரண்டா இருந்த நீங்க பார்க்கலையா?"

"ஜீப் ஷெட்ல இருந்துச்சு மேடம். அவருக்கு வேலை இல்ல. அதனால அவரு என்ன செஞ்சாருன்னு பார்க்க வேண்டிய அவசியம் வரல."

"அப்ப இவங்க செய்யலைன்னு தெரியும்."

"தெரியும்... அதாவது, எழுத்துபூர்வமாத் தெரியாது மேடம்."

அந்த அம்மா அதை அப்படியே டைப் அடிக்கச் சொன்னார். இப்போது எழுத்துபூர்வமாகவும் தெரியும்.

பிறகு என்னைக் கேட்டார். "அவர் எப்படிம்மா இறந்தார்?"

"ஆபீஸ் மாடிப்படியில நெஞ்சு வலி வந்து மேடம். ரெண்டாவது மாடிக்குத் திரும்புற இடம்."

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்தார்?"

"தண்ணி கேன் தூக்கிட்டுப் போனாரு."

டைப் அடிக்கிறவர் நிறுத்திவிட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாம்மா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

நல்லாயில்லை மேடம் என்றேன். முதல் தடவையாக வாயில் வந்தது.

அக்டோபர் 12, சனி

வருடத் திருப்பலி. பாதர் உன் பெயரைச் சரியாகச் சொன்னார்.

அக்டோபர் 28, திங்கள்

ஆணை வந்துவிட்டது. என் நோய் பணிக்காலத்தில் வந்த இயலாமைதான். மெமோ ரத்து. இதே சம்பளத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்க வேண்டும். மேடம் போனில் கத்தினார். லூர்து அக்கா கொக்கி மாட்டுவதை விட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். பாதி ஜாக்கெட்டோடு நின்றேன்.

கள்ளக் கையெழுத்து பற்றி ஆணையில் ஒரு வரி கூட இல்லை. "கணவரின் உதவியுடன்" என்று எழுதியிருக்கிறார்கள். படித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். உட்கார்ந்து செய்யும் வேலை என்று தாமோதரன் சார் யோசித்து யோசித்து எனக்குக் கொடுத்தது தபால் பிரிவு. நோட்டில் எழுதும் வேலை. கை நடுங்குகிறவளுக்கு நாள் முழுக்க எழுதும் வேலை.

"ஆணையில உட்கார்ந்துன்னுதான் இருக்கு. எழுதக் கூடாதுன்னு இல்ல."

கோகிலா சத்தமே இல்லாமல் ஒரு தேதி சீலும் மை டப்பாவும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். "நீங்க குத்துங்கக்கா. எழுதறத நான் எழுதிக்கிறேன். ரெண்டு ஆள் வேலைய ஒரு ஆளு பார்க்கிறது நம்ம ஆபீசுல வழக்கம்தான."

சீல் குத்தினேன். கை ஆடுவதால் ஒரே தபாலில் இரண்டு தேதி விழுகிறது.

நவம்பர் 5, செவ்வாய்

தபால் குறைவு. விசாரணைக்குப் போய்த் திரும்பி வந்த பழைய நோட்டுகளைக் கட்டி வைக்கச் சொன்னார்கள். கட்டுவதற்கு முன் போன வருட நோட்டைத் திறந்தேன். நீ எழுதிய என் பெயரைப் பார்க்கலாம் என்றுதான்.

ஒவ்வொரு வரியிலும் என் பெயர். கடைசி நாள் வரை ஒரு சுழி கூட ஆடவில்லை. அதனால் எல்லோரும் கையெழுத்தை மட்டும் பார்த்தார்கள். தாமோதரன் சாரும் மேடமும் அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவும். நானும்தான். பக்கத்தில் நேரம் போடும் கட்டத்தை யாரும் பார்க்கவில்லை.

கலெக்டர் ஆபீஸ் சைக்கிளில் பத்து நிமிடம். ஜூனில் பதினொரு மணிக்குக் கிளம்பியிருக்கிறாய். சீல் பதினொன்று பத்து. ஜூலையிலும் அப்படித்தான். ஆகஸ்டில் ஒரு நாள் பதினொன்று முப்பது. பிறகு தினமும் முப்பது. செப்டம்பர் பதினெட்டு, பன்னிரண்டு மணி. இருபத்தாறு, பன்னிரண்டு இருபது. அக்டோபர் பதினொன்று, அதுதான் கடைசி வரி, கிளம்பியது பதினொன்று, சீல் ஒன்று ஐந்து.

வீட்டுக்கு வந்து ஒன்றும் சொன்னதில்லை நீ. தபால் வாங்குகிற இடத்தில் கூட்டம் என்று ஒரு நாள் சொன்னாய். நானும் உன் மேல் கோபப்பட்டேன், சாப்பாடு ஆறிவிடுகிறது என்று.

பத்து நிமிட வழி. சாயங்காலம் நானே மெதுவாக நடந்து பார்த்தேன். ஒரு டயர் கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, மூடிக்கிடக்கும் தியேட்டர், அரச மரத்தடியில் ஒரு உடைந்த சிமெண்ட் பெஞ்சு. ஒவ்வொரு இடத்திலும் நின்று பார்த்தேன்.

இரண்டு மணி நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாய், குண்டு?